ஒன்றும் சுழியும் கோத்தவர்

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதட்டுமா என்று கேட்டால் "நக்கோ" என்பார். ஏன் என்று கேட்டால் பதில் வராது. ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் சிலருக்கு வேண்டாம் என்பதற்கு அந்த ஒரு சொல் போதும். ஆமாம் என்பதற்கு "ஹவ்". இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி கொண்டாப்பூரில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் இரண்டு வருஷம் தனியாகக் குடியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பிள்ளைகள் அவரை மோத்தி ஆன்ட்டி என்பார்கள். மோத்தி என்றால் மணி, முத்து.

நான் ஈரோட்டுக்காரி. எங்கள் பக்கம் யாரிடமாவது ஒன்றைக் கேட்டால் "பாக்கலாங்க" என்பார்கள். அதில் ஆமாமும் இருக்கும், இல்லையும் இருக்கும், இருந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்பதும் இருக்கும். அவர் குடிவந்த வருஷம், குடியிருப்புத் தமிழர்கள் எல்லாம் சேர்ந்து கீழே பொங்கல் வைக்கிறோம், நீங்களும் வாங்கக்கா என்று நேரில் போய்க் கூப்பிட்டேன். "நக்கோ" என்றார். ஊருக்குப் போகிறேன், உடம்பு முடியவில்லை என்று ஒரு ஒப்புக்குச் சாக்கு கூடக் கிடையாது. நான் மேற்கொண்டு ஏதாவது வரும் என்று நின்றேன். அவரும் நின்றார். அன்றைக்கு மாடிக்கு வந்ததும் என் கணவரிடம் சொன்னேன்.

"இந்தம்மாகிட்ட என்னமோ இருக்குதுங்க."

"என்ன இருக்குது?"

"தெரியல. ஆனா இருக்குது."

என் பிழைப்பு அப்படி. மென்பொருளைச் சோதிப்பவள் நான். அடுத்தவர் எழுதியதில் எங்கே ஓட்டை என்று தேடித் தேடியே பதினாலு வருஷம் ஓடிவிட்டது. என் கணவர் எழுதும் பக்கம், நான் குறை கண்டுபிடிக்கும் பக்கம். வீட்டிலும் அதே ஏற்பாடுதான் என்பார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

சந்தேகம் எனக்கு மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. மூன்றாவது மாடியில் ஒரு மதுரைக்காரப் பெண், தீபாவளிக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, லிஃப்டில் அவரிடம் நல்லா இருக்கா என்று கேட்டிருக்கிறாள். "இல்ல" என்றாராம். அவ்வளவுதான். அந்தப் பெண் ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினாள். ஒருதரம் அதே லிஃப்ட் மின்சாரம் போய் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஏ பிளாக் பெரியவர் ஒருவர் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். ஆள் வருவார்களா, வருவார்களா என்று கதவு இடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். இவர் வெளியே தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவைக்கும் "ஹவ்" என்றார். இருபது நிமிஷம், ஒரு ஐம்பது ஹவ் இருக்கும். நாங்கள் எல்லோரும் ஏதேதோ ஆறுதல் சொல்லிப் பார்த்தோம். பெரியவர் அந்த ஹவ்வை மட்டும்தான் கேட்டார். இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒருதலையாக எழுதுகிறேன் என்று ஆகிவிடும்.

இப்படிப்பட்டவரிடம் என் மகனை நானே கொண்டுபோய் விட்டேன். கவினுக்கு அப்போது எட்டு வயது. ஆன்லைன் வகுப்புகள் ஓய்ந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அவன் டேப்லெட்டை விடவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பான். கீழே விளையாட அனுப்பினால் பத்து நிமிஷத்தில் திரும்பிவிடுவான். தமிழில் கேட்டால் இங்கிலீஷிலோ தெலுங்கிலோ ஒரு சொல் வரும். பிள்ளை கையை விட்டு நழுவுகிறான் என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். அந்த நேரத்தில்தான் லிஃப்டில் கையால் எழுதிய ஒரு அட்டையைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கணக்கு சொல்லித்தரப்படும், கம்ப்யூட்டர் கிடையாது, செவ்வாய், வியாழன், சனி என்று மூன்றே வரி. விளம்பரத்திலும் சிக்கனம்.

வாசலில் ஒரு பிரம்புக் கூடை இருந்தது. போன், கைக்கடிகாரம் எல்லாம் அதில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். முதல் நாள் நானும் கூடவே நுழையப் பார்த்தேன்.

"நான் சும்மா ஓரமா உக்காந்துக்கறேன்க்கா."

"நக்கோ."

"அவன் புதுசு, கூச்சப்படுவான்."

அவர் கவினைப் பார்த்தார். "நீ கூச்சப்படுவியா?" என்று கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டினான். கதவு சாத்தப்பட்டது. ஒன்றரை மணி நேரம் நான் நடைபாதையில் நின்றேன். உள்ளேயிருந்து பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கவினிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்துதான் தெரிந்துகொண்டேன். முட்டை அட்டையில் ஐந்து குழிகளை வெட்டி ஆளுக்கொன்று கொடுப்பாராம். வலது ஓரக் குழிக்கு ஒன்று என்று மதிப்பு, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு, எட்டு, பதினாறு. குழியில் புளியங்கொட்டை இருந்தால் அந்த மதிப்பு சேரும், இல்லாவிட்டால் சேராது. இந்த ஐந்தே குழியில் முப்பத்தொன்று வரை எந்த எண்ணையும் வைத்துவிடலாம். நாங்கள் கல்லூரியில் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்த இரும எண்கள்தான், புளியங்கொட்டையில் வந்திருந்தன. ஒரு பையன் உடைந்த கொட்டையைக் குழியில் வைத்து, இது பாதியா ஆன்ட்டி என்று கேட்டானாம்.

"இருக்கா, இல்லையா?"

"கொஞ்சம் இருக்கு ஆன்ட்டி."

"இருக்கா, இல்லையா?"

அவன் யோசித்துவிட்டு, இருக்கு என்றானாம். அப்போ ஒன்று, என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாராம்.

இது என் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. ஒருநாள் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது, சீக்கிரம் வருவியா என்று கவின் கேட்டான். தமிழில் கேட்டானே என்று எனக்கு மனசு குளிர்ந்தது.

"பாக்கலாம் சாமி."

"வருவியா, மாட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. எட்டு வயதுப் பிள்ளையிடம் இதற்கெல்லாம் கோபப்படக்கூடாது. கோபப்பட்டேன்.

அட்டை முடிந்து மணிக்கு வந்தார்கள். சிவப்பு மணி என்றால் ஒன்று, பச்சை என்றால் பூஜ்யம். ஒரு எழுத்துக்கு ஐந்து மணி. இங்கிலீஷில் கவின் பெயருக்கு முதல் எழுத்து கே. அது பதினோராவது எழுத்து. எட்டும் இரண்டும் ஒன்றும் சேர்ந்தால் பதினொன்று. ஆகவே பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு, சிவப்பு. பிள்ளைகள் பெயர்களைக் கோத்தார்கள், பிறகு சேதிகளைக் கோத்தார்கள். மாடிப்படியில் ஒருவர் கையிலிருந்த கயிறு இன்னொருவர் கைக்குப் போகும், இரண்டு பேரும் சிரிப்பார்கள். கவினும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். இருட்டுகிற வரை கீழேயே இருந்தான். டேப்லெட் சோபாவுக்குக் கீழே கிடந்தது. இதைத்தானே நான் ஆசைப்பட்டேன்? சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கயிற்றில் என்ன எழுதிக்கொள்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை.

அட்டவணை ஒன்றை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். இரண்டே நாளில் எனக்குப் படிக்க வந்துவிட்டது. மற்ற பிள்ளைகளின் கயிறுகளை லிஃப்டில் ஓரக்கண்ணால் படித்தேன். நாளைக்கு கிரிக்கெட், அப்பா தூங்குகிறார், பந்து எங்கே. ஒன்றும் விபரீதம் இல்லை. பிறகு நானும் ஒரு பாக்கெட் மணி வாங்கிவந்து, இரண்டு நிறமும் கலந்து கிடந்ததை அப்படியே ஒரு தட்டில் கொட்டி, எனக்கு ஏதாவது கோத்துக் கொடு சாமி என்று கவினிடம் கேட்டேன். மூன்று கயிறு கோத்தான். மூன்றும் உளறல். எழுத்தே வரவில்லை.

"எல்லாம் தப்பு. அவுத்துட்டுத் திருப்பிக் கோத்துக் குடு."

"எங்க தப்பு?"

"நீயே கண்டுபிடி."

அவிழ்த்தான். கோத்தான். மறுபடியும் உளறல். வகுப்பில் கவின்தான் முதலில் முடிப்பான் என்று மற்ற பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் சரியாகச் செய்கிற பிள்ளை அம்மாவிடம் மட்டும் ஏன் தப்பாகக் கொடுக்க வேண்டும்? என் மூளை அந்தத் திசையில் ஓட ஆரம்பித்தது. அந்த வாரமே வகுப்பிலிருந்து அவன் கட்டிக்கொண்டு வந்த கயிறும் அப்படியே இருந்தது. முதல் எழுத்து இருபதாவதான டி. இரண்டாவது முப்பது, அப்படி ஓர் எழுத்தே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் நான்கு கயிற்றையும் எக்செல்லில் ஏற்றினோம். இரண்டு பொறியாளர்கள், ஒரு பிள்ளையின் பாசிமணிக்கு எதிரே. அவர் கயிற்றின் கடைசியிலிருந்து படித்துப் பார்த்தார், ஓரிடம் தள்ளிப் படித்துப் பார்த்தார். கடைசியில் ஒன்றையெல்லாம் பூஜ்யமாகவும் பூஜ்யத்தையெல்லாம் ஒன்றாகவும் மாற்றினார். வகுப்பிலிருந்து வந்த கயிறு பளிச்சென்று கவின் என்று வந்தது.

"தப்பு பண்ணியிருந்தா இப்படி வராது" என்றார் அவர். "ஒரு மணி விடாம மாத்தியிருக்கு. இது வேணும்னே பண்ணது."

"அப்ப மத்த மூணும்?"

"அது இன்னும் கஷ்டமான பூட்டு." அவர் குரலில் கொஞ்சம் வியப்பு கூட இருந்தது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அம்மா அப்பா படிக்கக்கூடாது என்று ஒரு இரண்டாவது சங்கேதத்தை அந்தம்மா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மூடிய கதவு, பிரம்புக் கூடை, எல்லாம் அதற்குத்தான். வேறு எதையும் நான் யோசிக்கவே இல்லை.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் சிவப்பையும் பச்சையையும் மொத்தமாக நிறுத்திவிட்டார். இனிமேல் உருண்டை மணி என்றால் ஒன்று, குழல் மணி என்றால் பூஜ்யம். நிறம் எதுவாகவும் இருக்கலாம். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே படிக்கப் பழகினார்கள். சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டே ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஃபிரிட்ஜில் ஒட்டிய என் அட்டவணையை வைத்துக்கொண்டு இனி எட்ட நின்று எதையும் படிக்க முடியாது. நடைபாதையில் அவரை நிறுத்தினேன்.

"ஏன்க்கா மாத்தினீங்க?"

"தேவை."

"யாருக்கு?"

மணிப் பையின் வாயைச் சுருக்கிக் கட்டினார்.

"நாங்க படிக்கக்கூடாதுன்னா?"

"இல்ல."

நம்பவில்லை. அன்று மாலையே குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் எழுதினேன். தலைகீழான கயிற்றைப் படம் எடுத்துப் போட்டேன். எக்செல்லையும் போட்டேன்.

ஞாயிறு காலை சங்க அறையில் கூடினோம். ஐந்து அம்மாக்கள், சங்கச் செயலாளர், அவர். செயலாளர் தெலுங்குக்காரர், ஓய்வுபெற்ற பெரியவர், சண்டை பிடிக்காது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்ததால் நானே கேட்டேன்.

"எங்க பிள்ளைங்க விஷயத்துல எங்ககிட்ட எதையாவது மறைக்கறீங்களா?"

எங்கள் ஊராக இருந்தால் இதற்குப் பத்து விதமாகப் பதில் சொல்லலாம். என்ன இப்படிக் கேட்டுவிட்டீர்கள் என்று கண்கலங்கலாம், நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சத்தம் போடலாம். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஹவ்."

மதுரைக்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னன்னு சொல்லுங்க."

"நக்கோ."

இனி ஒரு அம்மா உள்ளே உட்காருவார், இல்லையென்றால் வகுப்பு வேண்டாம் என்று செயலாளர் தெலுங்கில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதற்கும் "நக்கோ" வந்தது. அப்படியானால் நிறுத்திவிடலாம் என்றார் செயலாளர். "சரி" என்று அந்தம்மா எழுந்து, தான் உட்கார்ந்த நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கவின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"நீயா சொன்னே?"

"உன் நல்லதுக்குத்தான் சாமி."

"சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்."

எழுந்து உள்ளே போனான். சோபாவுக்குக் கீழே கையை விட்டு டேப்லெட்டை எடுத்தான். அந்த மாதக் கடைசியில் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு நகரத்தின் இன்னொரு கோடியில் அல்வாலில் இருந்த தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் வண்டி வரைக்கும் போனார்கள். கவின் போகவில்லை, ஜன்னலில் நின்று பார்த்தான்.

ஆறேழு மாதம் கழித்துத் தலைவலி என்று அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, புள்ளிப் புள்ளியாக இருந்த ஒரு புத்தகத்தை அவன் முன்னால் விரித்து, உள்ளே தெரிகிற எண்ணைச் சொல்லச் சொன்னார் டாக்டர். எனக்கு எழுபத்து மூன்று கொட்டை எழுத்தில் தெரிந்தது. கவின் நம்பரே இல்லை என்றான். நான் குனிந்து, நல்லா பாரு, கவனமா பாரு என்றேன். டாக்டர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி நிறுத்தினார். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண், பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் அம்மா வழியாக ஆண் பிள்ளைக்கு வருவது என்றார். நான்தான் திகைத்துப் போனேன். கவின் திகைக்கவில்லை.

"ஆன்ட்டிகி தெலுசு" என்றான், தெலுங்கில், டாக்டரிடம். ஆன்ட்டிக்குத் தெரியும்.

வீடு வந்து சேரும்வரை தட்டில் நிறம் கலந்து கொட்டிக் கோக்கச் சொன்ன மணிகளும் அவன் வரைந்த படங்களும்தான் எனக்கு ஞாபகத்தில் ஓடின. இலைகளுக்குப் பழுப்பு அடித்துக் கொண்டுவருவான். கவனமே இல்லை, திருப்பி அடி என்று தாளைக் கிழித்துப் புதுத்தாள் கொடுப்பேன். எத்தனை தாள்.

அடுத்த சனிக்கிழமை செயலாளரிடம் முகவரி வாங்கிக்கொண்டு அல்வாலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. சண்டை பிடிக்கவும் போனேன். பெற்றவளிடம் மறைத்தவரைச் சும்மா விட எனக்கு மனசில்லை. பக்கத்து ராணுவக் குடியிருப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு மணியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அதே பிரம்புக் கூடை. போனைப் போட்டேன். என்னை உள்ளறையில் உட்காரச் சொன்னார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "இடது கிண்ணத்துல சிவப்பு, வலதுல பச்சை வெப்பேன். ஒருநாள் தரை தொடச்சப்ப கிண்ணம் இடம் மாறிடுச்சு. மத்த பிள்ளைங்க நிறம் பாத்து எடுத்தாங்க. இவன் இடம் பாத்து எடுத்தான். பேர் பூரா தலைகீழா வந்துது. தனியா கூப்ட்டு ரெண்டு மணியைக் காட்டிக் கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்னான். மத்தவங்க கயிறை யாராவது படிச்சுச் சொன்னா கூடச் சேந்து சிரிப்பானாம்."

"அதுக்காகவா எல்லாருக்கும் மணியை மாத்தினீங்க?"

"ஹவ்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நான் அவன் அம்மா."

"சொல்லியிருக்கணும்" என்றார்.

சண்டைக்கு வந்தவளிடம் இப்படியா ஒத்துக்கொள்வது? "அப்புறம் ஏன் சொல்லல?" என்றேன்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னான். சரின்னுட்டேன்."

இன்றைக்கும் அது எனக்குச் சரியாகப் படவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் சொன்ன சரிக்காக, ஒரு வகுப்பையும் ஒரு வீட்டையும் விட்டுப் போவார்களா? டாக்டரிடம் காட்டு என்று என்னிடம் மட்டும் காதோடு சொல்லியிருக்கலாம். அதை அவரிடமே சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"ஏன் சொல்லாதீங்கன்னான்?"

"அம்மா திருப்பிக் கோக்கச் சொல்லுவாங்கன்னான்."

கூடத்தில் ஒரு பெண் குழந்தை தன் கயிற்றைப் படித்து முடித்துவிட்டேன் என்று ஹிந்தியில் கூவினாள். அவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்து போய்விடுவார் என்று பயந்து, கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அவன் எனக்குப் பயப்படறானா?"

அப்படியெல்லாம் இல்லை, பிள்ளைகள் அப்படித்தான், போகப் போகச் சரியாகும் என்று எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். வாழ்நாளில் முதல்தடவையாக அவரிடமிருந்து அப்படி ஒரு பதிலுக்கு ஏங்கி உட்கார்ந்திருந்தேன்.

"ஹவ்" என்றார்.

அவர் சொன்னவற்றில் அதை மட்டும்தான் நான் சந்தேகப்படவில்லை.